மச்சான் முறை

எங்கள் கிளினிக்கின் காத்திருப்புக் கூடத்தில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. எழுதி ஒட்டாத சட்டம் அது. சீனர், மலாய்க்காரர், தமிழர், டை கட்டியவர், காலில் சிலிப்பர் போட்டவர், எல்லாரும் குனிந்து கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருப்போம். எண்ணைக் கூப்பிட்டால் எழுந்து போவோம். எச்.ஐ.வி. கிளினிக் என்று கதவில் எழுதியிருக்காது. தொற்றுநோய்ப் பிரிவு என்று நாகரிகமாகப் போட்டிருப்பார்கள். ஆனால் அந்தத் தாழ்வாரத்தில் திரும்புகிறவன் எதற்குத் திரும்புகிறான் என்பது வாசலில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் விற்கிற அக்காவுக்குக்கூடத் தெரியும்.

நான் இருப்பது கிள்ளானில், அம்மாவோடு. ஆஸ்பத்திரி இல்லாத ஊரா அது? ஆனால் அங்கே போக நான் என்ன முட்டாளா? ரத்தம் எடுக்கிற பெண் அம்மாவோடு கோவிலில் பூ கட்டுகிறவளாக இருப்பாள். வாசல் காவலாளி அப்பாவோடு வேலை செய்தவராக இருப்பார். அதனால் கொமியூட்டர் ரயிலில் ஏறி, பஸ் மாறி, கோலாலம்பூரைத் தாண்டி செலாயாங் பக்கம் வரை போய் மாத்திரை வாங்குகிறேன். பாலிசி விற்கிற வேலை, காப்புறுதி அலுவலகத்தில்; அங்கே யாராவது கேட்டால் இனிப்புநீர், சர்க்கரை வியாதி என்று சொல்லிவிடுவேன். இனிப்புநீர் நம்மவர்களுக்குக் கௌரவமான வியாதி. அதற்கு யாரும் பெயர் வைத்துப் பேச மாட்டார்கள்.

அன்றைக்கு அந்தக் கூடத்தின் சட்டத்தை மீறி நான் நிமிர்ந்து பார்த்தேன். தொப்பியும் முகக்கவசமும் போட்ட ஓர் ஆள் உள்ளே வந்து எண் சீட்டு எடுத்துக்கொண்டிருந்தார். முகம் தெரியவில்லை. ஆனால் ஒரு தோளைச் சற்றுத் தூக்கிக்கொண்டு நடக்கிற அந்த நடையை எனக்கு நன்றாகத் தெரியும். என் தங்கையின் கணவர்.

முதலில் வந்த நினைப்பு என்னைப் பற்றியது. மாட்டிக்கொண்டேன், இவர் தங்கச்சியிடம் சொல்வார், அவள் அம்மாவிடம் சொல்வாள், தீர்ந்தது கதை. அதற்குப் பிறகுதான் இவருக்கு இங்கே என்ன வேலை என்று தோன்றியது. தங்கச்சியின் முகம் மூன்றாவதாகத்தான் வந்தது.

அவரும் என்னைப் பார்த்துவிட்டார். ஓடிப் போயிருக்கலாம். ஓடவில்லை. நேராக வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"யாரையாச்சும் பாக்க வந்தீங்களா மச்சான்?"

"ஆமா மாப்ள, ஒரு பிரண்டு. நீங்க?"

"நானும்தான். பிரண்டு."

இரண்டு பேர் கையிலும் எண் சீட்டு இருந்தது. வேறு சமயமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். அவர் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து, என் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு உள்ளே போனார். பிறகு என்னையும் கூப்பிட்டார்கள்.

மருத்துவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த மாமாக் சாப்பாட்டுக் கடையில் அவர் உட்கார்ந்திருந்தார். எனக்கும் சேர்த்து தே தாரேக், நுரை பொங்க ஆற்றிய டீ, சொல்லிவைத்திருந்தார். அதிலெல்லாம் அவர் குறை வைக்க மாட்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஆள். பெரிய மீசை, பெரிய குரல், கல்யாணம் கருமாதி எதுவென்றாலும் முதலில் வந்து பந்தல் போடுகிற கை. அந்தக் கை அன்றைக்குக் கண்ணாடிக் குவளைக்குப் பக்கத்தில் எண் சீட்டைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தது.

கோவில் மண்டபத்தில் ரத்ததான முகாம் நடந்திருக்கிறது. சங்கத்து ஆட்களோடு இவரும் போய்க் கை நீட்டியிருக்கிறார். கொடுக்காமல் போனால் என்ன நினைப்பார்கள் என்று கொடுத்தாராம். சில வாரம் கழித்து, நேரில் வரச் சொல்லி அழைப்பு வந்திருக்கிறது. மாத்திரை ஆரம்பித்துச் சில மாதம்தான் ஆகிறது.

"தங்கச்சிக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாது."

"அவளுக்கு டெஸ்ட்?"

"அவளுக்கு என்ன மச்சான், நல்லாத்தானே இருக்கா."

"நானும் பாக்க நல்லாத்தான் இருக்கேன். உள்ள கேட்டிருப்பாங்களே, பொண்டாட்டியக் கூட்டிட்டு வான்னு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கல்யாணம் ஆகலன்னு சொல்லிட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சூடான டீயை அவர் மேல் ஊற்றியிருப்பேன். ஊற்றவில்லை. மாப்பிள்ளை என்கிற சொல் அந்த நேரத்திலும் கையைக் கட்டிப்போட்டது. வீட்டு மாப்பிள்ளையை எதிர்த்துப் பேசி எங்களுக்குப் பழக்கமில்லை.

"எப்படி வந்துச்சு?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் தெருவைப் பார்த்தார். "ஆம்பளைங்கதான். எப்பயாச்சும். போன்ல அந்த ஆப் இருக்குல்ல." பிறகு சட்டென்று திரும்பி, "ஆனா நான் அந்த மாதிரி ஆள் இல்ல மச்சான். எனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கு," என்றார்.

அந்த மாதிரி ஆள் எதிரே உட்கார்ந்து அவர் வாங்கிக் கொடுத்த டீயைத்தான் குடித்துக்கொண்டிருந்தான். நான் அப்படித்தான் என்று அவருக்கு எப்போதோ தெரியும் என்பதும் அந்தப் பேச்சில் தெரிந்துவிட்டது. எனக்கு வலித்தது. பள்ளிக்கூடத்தில் பொண்டான் என்று கேலி செய்தவர்களைவிட இவர் அதிகம் வலிக்கச் செய்தார். ஏனென்றால் அவர்கள் தாங்களும் அதையே செய்துகொண்டு, அதை மறைத்து என்னைச் சொல்லவில்லை.

எழுந்திருக்கும்போது அவர் மெதுவாகச் சொன்னார். "நீங்க சொன்னா, உங்களுக்கு எப்படித் தெரியும்னு அவ கேப்பா மச்சான்." மிரட்டலாகச் சொல்லவில்லை. கண் கலங்கித்தான் சொன்னார். ஆனாலும் அது பூட்டு. அவர் வாய்க்கு நான் பூட்டு, என் வாய்க்கு அவர் பூட்டு.

இந்த மச்சான் மாப்பிள்ளை உறவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தங்கச்சி கல்யாணத்தில் மணவறைக்கு வந்த இவர் காலைக் கழுவி, விரலில் மோதிரம் போட்டு அழைத்துப் போனவன் நான். அன்றிலிருந்து முறை வந்துவிட்டது. நம்மில் மச்சான் முறை என்றால் எதையும் பேசலாம், எப்படியும் கிண்டல் செய்யலாம். தோளில் கை போடலாம், மடியில் தலை வைத்துப் படுக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். ஊரே பார்த்துச் சிரிக்கும். என்னடா, பொண்டாட்டியைவிட மச்சானைத்தான் அதிகம் கொஞ்சுகிறாய் என்று மாமாக்கள் சீண்டுவார்கள். இவர் என் கன்னத்தைக் கிள்ளி, "ஆமா, மூத்த சம்சாரம் இவருதான்," என்பார். கூடம் கொல்லென்று சிரிக்கும்.

எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யாருக்கும் தெரியாது. என் வயசு முழுக்க ஓர் ஆணின் கை என் மேல் பட்டால் யார் பார்க்கிறார்கள் என்று சுற்றிப் பார்த்தே பழகியவன் நான். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒருவரோடு சில வருடம் பழகினேன். ஒன்றாக நடக்கும்போதும் இடையில் ஓர் ஆள் நடக்கிற இடம் விட்டே நடப்போம். இவர் ஒருவர்தான், எல்லார் முன்னாலும் பயமில்லாமல் என் தோளில் கை போட்ட ஆண். அவர் மேல் எனக்கு ஆசை இருந்ததா என்று கேட்டால், இல்லை. நானே என்னைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அந்தக் கை கனமாக இருந்தது, நிம்மதியாக இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அவர்கள் வீட்டில் சாப்பாடு. தங்கச்சி நண்டு சமைத்திருந்தாள். அம்மா மாப்பிள்ளையைப் பார்த்து, "என்னப்பா இளைச்சிட்டீங்க, இவ சாப்பாடு போடறாளா இல்லையா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். அவர் என் தட்டில் நண்டுக்கால் எடுத்து வைத்தார். நான் அவரைக் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். சொல்கிறேன் மச்சான், நல்ல நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்றார். அவளிடம் நெருங்குவதே இல்லை, முதுகுவலி என்று சொல்லிச் சமாளிக்கிறேன் என்றார். நல்ல நேரம் பார்க்க இது என்ன புதுமனை புகுவிழாவா? ஆனால் அதையும் சொல்லாமல் விழுங்கினேன். உள்ளே தங்கச்சி தொடர்ந்து இருமிக்கொண்டிருந்தாள். வெறும் சளிதான். நான் ஒவ்வொரு இருமலையும் எண்ணிக்கொண்டு நின்றேன்.

ஒரு நாள் அவளே எனக்குப் போன் செய்தாள். குரலில் வெட்கம். "அண்ணே, பாப்பா பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சிட்டா. இன்னொண்ணு பெத்துக்கலாம்னு பாக்கறேன். அவருதான் முதுகுவலி முதுகுவலின்னு சாக்கு சொல்றாரு. நீங்க உங்க மாப்ளைகிட்ட கொஞ்சம் பேசுங்களேன்." சரிம்மா, பேசறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். முதுகுவலி எத்தனை நாளைக்குத் தாங்கும்? அவள் ஒன்றை நினைத்துவிட்டால் விடுகிற ரகம் இல்லை.

என் மருத்துவரிடம், ஒரு நண்பரின் கதை என்று சொல்லிக் கேட்டேன். இளம் மலாய்ப் பெண். நண்பரின் கதை என்று தொடங்கும் கதைகளைத் தினமும் கேட்கிறவர். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கி, அப்படியே இருந்தால் உறவில் பரவாது, ஆனால் அதற்கு முன்னால் நடந்ததற்கு யாரும் பொறுப்பு சொல்ல முடியாது என்றார். அந்த மனைவி சோதித்துக்கொள்ள வேண்டும், சீக்கிரம். இருந்தால் மருந்து இருக்கிறது, பிள்ளைகூடப் பத்திரமாகப் பெறலாம். தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. "அந்த நண்பர் சொல்லாவிட்டால்?" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "நீங்கள் அவளை இங்கே அழைத்து வரலாம்," என்றார்.

ரயிலில் திரும்பும்போது முடிவு செய்தேன். அவரைப் பற்றி வாயே திறக்கப்போவதில்லை. என்னைப் பற்றிச் சொல்வேன். அண்ணனுக்கு இப்படி ஒரு வியாதி, அதனால் எனக்கு இதில் அக்கறை, எல்லாரும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது, நீயும் பார்த்துக்கொள் என்று. என் மானம் போனால் போகட்டும், அவள் கையை நீட்டி ரத்தம் கொடுத்தால் போதும். ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக யோசித்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

புடவை எடுக்கலாம் என்று சொல்லி அவளைப் பிரிக்ஃபீல்ட்ஸ் வரச் சொன்னேன். உண்மையிலேயே ஒன்று எடுத்துக் கொடுத்தேன், பச்சையில் அரக்குக் கரை. பிறகு ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் மூலையில் உட்கார்ந்தோம். மதியக் கூட்டம் கலைந்திருந்தது. அவள் ரசத்தைக் கையில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தபோது சொல்ல ஆரம்பித்தேன்.

எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று சொன்னேன். அம்மா பார்த்த பெண்களையெல்லாம் ஏன் தட்டிக்கழித்தேன் என்று சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "அது எனக்குத் தெரியும்ணே," என்றாள். "சின்ன வயசிலேருந்தே தெரியும். நீங்களா சொல்வீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்." எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருடம் இவளிடம் போய் மறைத்தேனே என்று இருந்தது. அந்தத் தைரியத்தில் வியாதியையும் சொன்னேன். அவள் அழுதாள். மேசைக்கு மேல் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எய்ட்ஸா அண்ணே, செத்துப் போயிடுவீங்களா என்று கேட்டாள். இல்லைம்மா, தினம் மாத்திரை, நான் உன் பேரன் பேத்தியைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்றேன். சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தாள். அங்கேயே நிறுத்தியிருந்தால் என் வாழ்க்கையின் மிக நல்ல நாள் அதுதான்.

"நீயும் ஒரு டெஸ்ட் எடுத்துடும்மா," என்றேன்.

"நான் எதுக்கு?"

"சும்மாதான். இன்னொரு புள்ள வேணுங்கற. எல்லாரும் எடுத்துக்கறது நல்லதுதானே."

"அண்ணனுக்கு இருந்தா தங்கச்சிக்கு ஒட்டுமா? நீங்க சாப்பிட்ட தட்டுல சாப்பிட்டதாலயா?"

"சே, அப்படியெல்லாம் ஒட்டாது."

"அப்ப எதுக்கு?"

நான் எதையாவது சொல்லியிருக்க வேண்டும். காப்புறுதி விற்கிறவன், ஊருக்கே கதை சொல்கிறவன், எனக்கு ஒரு பொய் கிடைக்கவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் என்னையே பார்த்தாள். இளைத்த உடம்பு, முதுகுவலி, மாதத்துக்கொரு முறை வேலையில் விடுப்பு போட்டு எங்கோ போவது, எல்லாவற்றையும் அவள் கூட்டிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

"அவருக்கும் இருக்கா?"

நான் பேசவில்லை. அதுவே போதுமாக இருந்தது அவளுக்கு.

என் கையைப் பிடித்திருந்த கையை அவள் எடுத்துக்கொண்டாள். வெடுக்கென்று பிடுங்கவில்லை. மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பரிமாறுகிறவர் மோர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள்.

"எத்தன வருசமா?" என்றாள்.

"நாலஞ்சு மாசம் முன்னாடிதான் தெரியும்னு சொன்னாரு."

"வியாதிய கேக்கல. நீங்களும் அவரும்."

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது காது அடைத்துவிட்டது. "ஐயோ, என்ன பேசற? சாமி சத்தியமா அப்படி இல்லம்மா. செலாயாங் கிளினிக்ல தற்செயலா பாத்தோம், அவ்வளவுதான்," என்றேன். குரல் உயர்ந்து பக்கத்து மேசையில் திரும்பிப் பார்த்தார்கள்.

"தற்செயலா," என்று அவள் திரும்பச் சொன்னாள். "கிள்ளான்லேருந்து ரெண்டு பேரும் செலாயாங்குக்குப் போயி, தற்செயலா." பிறகு என்னைப் பார்க்காமல், "தீபாவளிக்குத் தீபாவளி ஹால்ல ஒரே பாய்ல படுப்பீங்க. நாந்தானே தலகாணி கொண்டாந்து போடுவேன்," என்றாள்.

புடவைப் பையை எடுத்துக்கொள்ளாமல் எழுந்து போனாள். பின்னாலேயே ஓடினேன். நடைபாதைப் பூக்கடைகளுக்கு நடுவில் நின்று, என்னை நம்பாவிட்டாலும் பரவாயில்லை, டெஸ்ட் மட்டும் எடுத்துவிடு என்று கெஞ்சினேன். "எடுக்கறேன். நீங்க வர வேணாம்," என்றாள். பிறகு ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று எழுதத் தெரியவில்லை. மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன், பார்த்ததற்கான நீலக் குறி மட்டும் வந்தது. அவர் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நம்பினேன். எவ்வளவு பயந்தாலும், செய்யாததைச் செய்ததாக என் தலையில் போட விட மாட்டார். அந்த அளவுக்கு அவரை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அலுவலகத்தில் மதிய இடைவேளையில் அவள் பேசினாள். மாடிப்படிக்குப் போய் நின்று எடுத்தேன்.

"டெஸ்ட் எடுத்தேன். ஒண்ணும் இல்லையாம். கொஞ்ச நாள் கழிச்சி இன்னொரு தடவ எடுக்கச் சொல்லியிருக்காங்க. அவரும் கல்யாணம் ஆனத இப்பக் கிளினிக்ல சொல்லிட்டாரு."

நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் தொடர்ந்து பேசினாள். பாடம் ஒப்பிக்கிற குரல்.

"அவரு எல்லாத்தயும் ஒத்துக்கிட்டாருண்ணே. கால்ல விழுந்து அழுதாரு. உங்க மேல மட்டும் தப்பு இல்ல, ரெண்டு பேர் மேலயும்தான்னு சொன்னாரு. வேற யார்கிட்டயும் போனது இல்லன்னு பாப்பா மேல சத்தியம் பண்ணாரு."

எவ்வளவு பெரிய மனசு. தப்பில் பாதியைத் தாமே ஏற்றுக்கொண்டிருக்கிறார். எனக்கு அவரைத் தேடிப் போய் அந்த மீசையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. ஊர் பேர் தெரியாத ஆண்கள் என்று சொல்வதைவிட மச்சான் என்று சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. கேட்கிற அவளுக்கும் அதுதான் சுலபமாக இருந்திருக்கும். தெரிந்த ஒருவன் மேல் கோபப்பட்டுவிட்டு, புருசனை வைத்துக்கொள்ளலாம்.

"அவர் சொன்னது பொய்ம்மா," என்றேன்.

"அப்ப யார்கிட்டேருந்து வந்துச்சு? சொல்லுங்க."

"போன் ஆப்ல பாத்த யாரோ ஆம்பளைங்க. யாருன்னு எனக்குத் தெரியாது."

உண்மை அதுதான். சொல்கிற எனக்கே அது பொய்யாக ஒலித்தது. பின்னால் பிள்ளை எதையோ கேட்டு அழுதுகொண்டிருந்தது.

"அம்மாகிட்ட நான் எதயும் சொல்ல மாட்டேன்," என்றாள் கடைசியில். "ஆனா இனிமே நீங்க வீட்டுக்கு வராதீங்க. நானும் வர மாட்டேன். ஏன்னு அம்மா கேட்டா நீங்களே ஏதாச்சும் சொல்லிக்குங்க."

"சரிம்மா."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்கண்ணே," என்றாள். அதற்கப்புறம்தான் வைத்தாள்.